கடைமடை ஊரின் கணக்கு: இந்திரமாயுவின் நெல் கிராமம்

ஜாவா தீவின் வடகரையை ஒட்டி ஜகார்த்தாவிலிருந்து சிரெபோனுக்குப் போகும் நெடுஞ்சாலையில், இந்திரமாயு மாவட்டத்துக்குள் நுழைந்ததும் மேடு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. இரண்டு பக்கமும் வயல். நடுவே மாமரமும் தென்னையும் சூழ்ந்த ஒரு திட்டு, அதுதான் ஊர். அப்புறம் மறுபடி வயல். லோசாராங், கண்டங்ஹாவுர் வட்டங்களில் கடல் பக்கமாகத் திரும்பினால் வயல் கொஞ்சம் கொஞ்சமாக மீன் குட்டையாகவும் உப்பளமாகவும் மாறிவிடும். ஆண்டுக்கு 13 லட்சம் டன்னுக்கு மேல் நெல் விளையும் மாவட்டம் இது. இந்தோனேசியாவின் நெல் மாவட்டங்களில் முன்வரிசை.

இப்படி ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது, யாருக்கு எவ்வளவு நிலம் என்று. அதைப் பிறகு கேட்கலாம். முதலில் கேட்க வேண்டியது, இந்த வருஷம் தண்ணீர் எந்தத் தேதியில் வந்தது என்பது. கடல்மட்டத்துக்கு மேல் இரண்டு, மூன்று மீட்டர் உயரமே உள்ள தரையில் ஒரு சாண் உயர வித்தியாசமும் இரண்டு வாரத் தாமதமும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைத் தீர்மானித்துவிடும். பூச்சி, எலி, அறுவடைக் கூலி, நெல் விலை என்று எதைத் தொட்டாலும் கடைசியில் அந்தத் தேதியில்தான் வந்து நிற்கும்.

தண்ணீர் வரும் வழி

மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு ஜாதிலுஹூர் அணையின் கிழக்குத் தாரும் கால்வாய் பாய்கிறது. மற்ற பகுதிக்குச் சிமானுக் ஆறு. மஜலெங்கா மாவட்டத்தில் அந்த ஆற்றைத் தடுத்து ரெந்தாங் அணைக்கட்டு இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் தொடங்கிய பாசனம் இது. மூன்று மாவட்டங்களில் சுமார் 87,800 ஹெக்டேருக்கு இதுதான் ஆதாரம். மேலே ஜாதிகெடே அணையில் 2015 ஆகஸ்ட் 31 அன்று நீர் தேக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பெல்லாம் கோடையில் ஆறு மெலிந்தால் கடைமடை ஊர்கள் காய்ந்தே கிடந்தன. இப்போது நிலைமை பரவாயில்லை. ஆனால் அணையில் தண்ணீர் இருப்பதும் கடைமடை வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதும் ஒன்றல்ல. இடையில் பல கிலோமீட்டர் மண் இருக்கிறது, மடைகள் இருக்கின்றன, மனிதர்களும் இருக்கிறார்கள்.

முறைத்தண்ணீருக்கு இங்கே ‘கிலிர் கிரிங்’ என்று பெயர். மேல்மடைக்கு இத்தனை நாள், கீழ்மடைக்கு இத்தனை நாள் என்று பிரித்து, தண்ணீரை ஆடு ஓட்டுவது போலக் கீழே ஓட்டிக்கொண்டு வருவது. தாளில் பார்த்தால் நியாயமான பங்கீடுதான். நடப்பில் கடைமடைக்கு மூன்று நாள் முறை என்றால் முதல் அரை நாளோ ஒரு நாளோ வாய்க்காலே குடித்துவிடும். வெடித்துக் கிடக்கும் களிமண் படுகை நனைந்து மூடிய பிறகுதான் தண்ணீர் நகரும். அதற்குள் மேலே யாராவது இரவில் மதகின் பலகையை ஒரு விரல் தூக்கி வைத்திருந்தால் போச்சு. ஆகவே கடைமடை ஊர்க்காரர்கள் தங்கள் முறை வருவதற்கு முந்திய இரவே ஆள் போட்டு, வாய்க்கால் நெடுகக் காவல் இருக்கிறார்கள். மடையைத் திறக்கும் வேலையைவிட, திறந்தது திறந்தபடி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பெரிய வேலை.

ஊர்த் தலைவரை இந்தப் பக்கம் ‘குவு’ என்பார்கள். அவருக்குக் கீழே நீர், விவசாயம் பார்க்கும் அலுவலருக்குப் பெயர் ‘ரக்சபூமி’. மண்ணைக் காப்பவர் என்று நமக்கே பொருள் புரிந்துவிடும். கல்யாணம், சாவு போன்ற காரியங்களுக்கு ‘லெபே’ இருக்கிறார். ஊருக்குப் புதிதாக வருகிறவர் குவுவைப் பார்த்து மரியாதை செய்வது முறைதான்; ஆனால் வயல் விஷயத்துக்கு ரக்சபூமியோடு அரை நாள் வாய்க்கால் கரையில் நடந்தால் போதும், எந்த மதகு ஒழுகுகிறது, எந்த வரப்பில் போன வருஷம் சண்டை நடந்தது என்பதெல்லாம் தானாக வெளிவரும். பெரிய கால்வாய் அரசாங்கத்தின் பொறுப்பு. வயலுக்குள் பிரியும் கிளை வாய்க்காலைத் தூர்வாருவது ஊர்க்காரர்களின் பொறுப்பு. தூர்வாராத கிளை வாய்க்கால், முறைத்தண்ணீரின் முதல் நாளைத் தின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பாதி ஆண்டுகளில் அது நடப்பதில்லை. குத்தகைக்கு உழுகிறவர் அடுத்த வருஷம் இதே நிலத்தில் இருப்பாரா என்று தெரியாதபோது மண்வெட்டி எடுக்கத் தயங்குவது இயல்புதானே.

தண்ணீர் வராவிட்டால் பம்பு. மூன்று அங்குலக் குழாய் போட்ட சின்ன எஞ்சின். பெட்ரோலில் ஓடுவது, மூன்று கிலோ சமையல் எரிவாயு உருளைக்கு மாற்றியது இரண்டும் உண்டு. சேறு அடிக்கும் அளவுக்கு நிலத்தை ஊற வைக்க 200 முதல் 250 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். இங்கே நிலத்தைப் ‘பாவு’ என்ற அளவில் பேசுவார்கள். ஒரு பாவு என்றால் 500 ‘பாட்டா’. ஒரு பாட்டா சுமார் 14 சதுர மீட்டர். ஆக ஒரு பாவு ஏறக்குறைய 7,000 சதுர மீட்டர், நம் கணக்கில் ஒன்றே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அதை ஊற வைக்க 1,400 முதல் 1,750 கன மீட்டர் தண்ணீர். பம்பு மணிக்கு 35 கன மீட்டர் இறைத்தால் 40 முதல் 50 மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். எரிபொருள் செலவை இந்தக் கணக்கோடு பெருக்கிப் பார்க்காமல் கோடைப் போகத்தில் இறங்கியவர்கள்தான் நட்ட பயிரைப் பாதியில் விட்டவர்கள்.

செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. வெடித்த களிமண்ணில் நேராக நிறையத் தண்ணீர் கட்டினால் வெடிப்பு வழியே கீழே போய்க்கொண்டே இருக்கும். ஓர் அரிவாளை அப்படியே விழுங்கும் அகலத்தில் வெடிப்புகள் இருக்கும். முதலில் கொஞ்சம் நனைத்து, கைடிராக்டரை மேலோட்டமாக ஒரு முறை ஓட்டி வெடிப்பின் வாயை அடைத்துவிட்டு, பிறகு தண்ணீர் கட்டினால் கணிசமாக மிச்சமாகும். டிராக்டருக்கு ‘கெலெபெக்’ எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேறு அடிப்பது அதற்கு அப்புறம்.

கடல் பக்கம் இருக்கிற வயல்களுக்கு இன்னொரு கவலை. வடிகாலிலிருந்து பம்பு வைத்தால் அலை ஏறும் நேரத்தில் உப்புத் தண்ணீர் வரும். வற்று நேரத்தில்தான் இறைக்க வேண்டும். இறைப்பதற்கு முன் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நாக்கில் கரித்தால் வயலுக்கு ஆகாது. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் உப்பைத் தாங்காது. இலை நுனி வெளுத்துச் சுருண்டால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். அதைப் பார்த்து யூரியா போடுகிறவர்கள் உண்டு. பணமும் போகும், பயிரும் போகும்.

முதல் மழைக்குப் பின் காத்திருப்பு

மழைக்காலப் போகம் ‘ரெண்டெங்’. நவம்பர், டிசம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரலில் முடியும். அடுத்த கோடைப் போகம் ‘சாடோன்’. அதற்குப் பிறகு கடைமடையில் தரிசுதான். மேல்மடை ஊர்களில் சாடோன் அறுத்து முடித்த வேளையில் கடைமடைக்காரர் இன்னும் நாற்று நட்டுக்கொண்டிருப்பார். இந்த இடைவெளியில்தான் எல்லா வம்பும் பிறக்கிறது.

வெள்ளைத் தண்டு துளைப்பானை எடுத்துக்கொள்வோம். இந்த வடகரைச் சமவெளி நெல்லின் பெரிய எதிரியான பூச்சி. 1990 வாக்கில் கராவாங், சுபாங், இந்திரமாயு மூன்று மாவட்டங்களிலும் பல்லாயிரம் ஹெக்டேரை அழித்தது. இதன் புழு, கோடையில் அறுத்த தாளின் அடிக்கட்டைக்குள் அசையாமல் உறங்கிக் கிடக்கும். முதல் நல்ல மழை விழுந்ததும் விழித்து, கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து வெள்ளை அந்துப்பூச்சியாகக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். ராத்திரி விளக்கடியில் பார்த்தால் அரிசிப்பொரி கொட்டியது போல இருக்கும். அந்த நேரத்தில் எங்கே இளம் நாற்று பச்சையாக நிற்கிறதோ அங்கே முட்டை வைக்கும். முதல் மழையைக் கண்டு அவசரப்பட்டு விதை தெளித்தவரின் நாற்றங்கால்தான் அது.

ஆகையால் இங்கே மூத்தவர்கள் முதல் மழை நாளைச் சுவரில் கரியால் குறித்து வைப்பார்கள். விளக்குப் பொறியில் தினமும் விழும் அந்துகளை எண்ணி, எண்ணிக்கை உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கியபின் சுமார் பத்து நாள் பொறுத்து விதைக்கிறார்கள். பொறுக்க முடியாமல் முன்னரே விதைத்திருந்தால் நாற்றங்காலில் முட்டைக் குவியல் பொறுக்குவது ஒன்றே வழி. இலையின் மேல் பழுப்பு நிறப் பூனைமுடி போர்த்தியது போல, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். இலை நுனியோடு கிள்ளி எடுக்க வேண்டும். கிள்ளியதை நசுக்கியோ எரித்தோ விடக்கூடாது. மூங்கில் குழாயில் போட்டு, அந்தக் குழாயைத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு நடுவே நிறுத்தி வைப்பார்கள். முட்டைக்குள் வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் சிறகு முளைத்துப் பறந்து வயலுக்குப் போய்விடும். புழுக்கள் ஊர்ந்து வெளியேற முயன்று தண்ணீரில் விழும். வயல்வெளிப் பள்ளிகளில் சொல்லித் தந்த முறை இது, காலணா செலவில்லை.

அந்தப் பள்ளிகளுக்கும் ஒரு பின்கதை உண்டு. 1970களிலும் 1985, 86லும் ஜாவாவில் புகையான் எனும் பூச்சி பெருகி வயல்களை எரித்தது போலக் கருக்கியது. கண்டபடி அடித்த மருந்து புகையானைக் கொல்லாமல் அதைத் தின்னும் சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும் கொன்றது. 1986இல் ஜனாதிபதி ஆணை ஒன்றின் மூலம் நெல்லுக்கு 57 பூச்சிமருந்து வகைகளைத் தடை செய்தார்கள். 1989 முதல் உழவர்களுக்கு வயலிலேயே வாரம் ஒரு நாள் வகுப்பு நடந்தது. அந்தத் தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. இளையவர்கள் மருந்துக்கடைக்காரர் சொல்லைக் கேட்கிறார்கள்; நட்ட பத்தாம் நாளே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அடிக்கும் பழக்கம் திரும்பியிருக்கிறது. அதன் விலை பின்னால் தெரியும். புகையானோடு வரும் குட்டை நோயை இங்கே ‘க்ளோவோர்’ என்கிறார்கள். வந்தபின் அதற்கு மருந்தில்லை. பிடுங்கிப் புதைத்துவிட்டுப் பக்கத்து வயல்காரரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அவருக்கும் வரும்.

நாற்றங்காலின் அளவுகள் எளியவை. ஒரு ஹெக்டேருக்கு 25 முதல் 30 கிலோ விதை, 400 முதல் 500 சதுர மீட்டர் நாற்றங்கால். ஒரு நாள் ஊறல், ஒன்று இரண்டு நாள் சாக்கில் மூட்டம். இருபது நாளில் பறித்து நடுவது நல்லது. தண்ணீர் தாமதமானால் நாற்று முப்பது, முப்பத்தைந்து நாளுக்கு நாற்றங்காலிலேயே முற்றிவிடும். அப்படிப்பட்ட நாற்று தூர் கட்டாது. கெட்டிக்கார கடைமடைக்காரர் விதையை இரண்டாகப் பிரித்துப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு நாற்றங்கால் போடுவார். ஒன்று வீணானாலும் சில கிலோ விதைதான் நட்டம். ரகத்தைப் பொறுத்தவரை 1980களின் ஐஆர்64, 2000இல் வந்த சிஹெராங், பிறகு இன்பாரி 32 என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கடைமடைக்கு எப்போதும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை நாளில் அறுக்கலாம்? அறுவடை பத்து நாள் முந்தினால் கடைசித் தண்ணீர் முறை தேவைப்படாது.

நத்தைக்கு ஒரு வார்த்தை. தங்க ஆப்பிள் நத்தை, தண்டில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து. நட்ட முதல் இரண்டு வாரம் வயலில் தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டு, ஓரத்தில் ஒரு சாண் அகலப் பள்ளம் வெட்டினால் நத்தையெல்லாம் பள்ளத்தில் சேரும். கையால் அள்ளலாம். வாத்து வைத்திருப்பவருக்கு அதுவும் தீவனம். வடிக்க முடியாத தாழ்ந்த வயலில் நாற்றை மொத்தமாகத் தின்றுவிடும், இரண்டாம் முறை நட வேண்டிவரும்.

எலி அப்படி எளிதில் முடிகிற விஷயம் அல்ல. வயல் எலி, கதிர் உருவாகும் பருவத்தில்தான் இனம் பெருக்கும். ஊரே இரண்டு வாரத்துக்குள் நட்டு முடித்தால் அது குட்டி போடும் காலமும் குறுகும். ஒருவர் நவம்பரிலும் மற்றவர் ஜனவரியிலும் நட்டால் எலிக்கு மூன்று மாதம் விருந்து. வரப்பை 30 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக்கினால் வளை தோண்ட வசதி செய்து கொடுத்த மாதிரிதான். எல்லோரையும்விட மூன்று வாரம் முந்தி ஒரு சிறு பாத்தியில் நெல் நட்டு, சுற்றிலும் முழங்காலுக்கு மேல் உயரப் பிளாஸ்டிக் வேலி கட்டி, வேலியின் அடியில் துளை விட்டு, ஒவ்வொரு துளைக்கும் உட்பக்கம் கம்பிக்கூண்டு வைக்கும் முறை பக்கத்து சுபாங் மாவட்டத்தின் சுகாமாண்டி நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சோதித்துச் சீராக்கப்பட்டது. பச்சை வாசனைக்கு வரும் எலி துளை தேடி நுழைந்து கூண்டில் விழும். ஒரு பாத்தி 10 ஹெக்டேருக்கு மேல் காக்கும். கெடுவது எங்கே என்றால், கூண்டைத் தினமும் காலையில் காலி செய்ய ஆள் வேண்டும். பாத்தி ஒருவருடையது, பலன் ஊருக்கு. கூண்டில் இரண்டு நாள் செத்துக் கிடந்த எலியின் நாற்றத்துக்கு வேறு எலி வராது. இன்னும் சிலர் வேலிக்கம்பியில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். சட்டவிரோதம். அதில் எலியோடு மனிதரும் சாகிறார்கள், பெரும்பாலும் கம்பியைக் கட்டிய அதே வீட்டுக்காரரோ பக்கத்து வயல்காரரோ. இரவில் வரப்பில் நடக்காதீர்கள் என்று வெளியாளுக்குச் சொல்லும்போது பாம்பைப் பற்றி மட்டும் சொல்வதில்லை.

அறுவடையில் யாருக்கு எவ்வளவு

சொந்த நிலக்காரர் குறைவு. வருடக் குத்தகை, விளைச்சலைப் பாதிப் பாதியாகப் பிரிக்கும் வாரம் (‘மாரோ’), ஒற்றி மூன்றும் உண்டு. குவுவுக்கும் அலுவலர்களுக்கும் சம்பளத்துக்குப் பதிலாக வயல் ஒதுக்குவார்கள், அது ‘பெங்கோக்’. ஊர்ப் பொது நிலம் ‘தித்திசாரா’, அதை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். நிலமற்ற குடும்பங்களுக்கு இருந்த பிடிமானம், அறுவடையில் பங்கு பெறும் உரிமை.

அந்தப் பங்கு ‘பாவோன்’. ஐந்தில் ஒன்று அல்லது ஆறில் ஒன்று. வெறுமனே அறுக்க வந்தவருக்கு எல்லாம் கிடைக்காது. ‘செப்லோக்கான்’ என்ற ஏற்பாட்டில் நடவையும் களையெடுப்பையும் கூலியில்லாமல் செய்து கொடுத்தவர்தான் அந்த வயலை அறுக்க உரிமை உள்ளவர். ஒரு பாவு நிலத்தில் 42 குவிண்டால் ஈர நெல் விளைந்தால் ஆறில் ஒரு பங்கு 7 குவிண்டால். 14 பேர் அறுத்தால் தலைக்கு 50 கிலோ. அந்த 50 கிலோவைக் காயவைத்துப் பதர் தள்ளிக் குத்தினால் 26 கிலோ அரிசி. நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் சேர்த்து ஒரு பெண்ணுக்கு அந்த வயலில் கிடைப்பது அவ்வளவுதான். இப்படி ஒரு போகத்தில் ஆறேழு வயலில் உரிமை வைத்திருந்தால் சின்னக் குடும்பத்துக்கு அடுத்த போகம் வரை சோற்றுக்குக் குறைவிராது. மீதி 35 குவிண்டாலை வாரக்காரரும் நிலக்காரரும் பாதிப் பாதியாக எடுப்பார்கள். உரச்செலவை யார் ஏற்பது என்பது முதலிலேயே பேசி முடிக்க வேண்டியது. பேசாமல் விட்டவர்கள் களத்துமேட்டில் முகம் திருப்பிக்கொண்டு நிற்பார்கள்.

பெரிய அறுவடை இயந்திரம் வந்த பிறகு இந்தக் கணக்கு உடைந்தது. இயந்திரம் ஒரு பாவை ஓரிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும், சேதாரமும் குறைவு. நிலக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் எதிர்க்கக் காரணமே இல்லை. நடவுப் பெண்கள் இப்போது ரொக்கக் கூலி கேட்கிறார்கள். அறுவடைப் பங்கே இல்லாதபோது சும்மா எதற்கு நட வேண்டும்? இயந்திரம் இறங்குவதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடிக்க வேண்டும். தாழ்ந்த கடைமடை வயல் மார்ச் மழையில் வடியாது. இயந்திரம் சேற்றில் புதையும், வரப்பு உடையும். அத்தகைய வயல்களில் மட்டும் பாவோன் பிழைத்திருக்கிறது. ஆக, பள்ளத்தில் கிடக்கும் மோசமான நிலம்தான் இன்றைக்கு ஏழைக்குச் சோறு போடுகிறது. நில அளவையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கண்ணில் இது படாது.

அறுத்து முடித்ததும் கதிர் பொறுக்க வருவார்கள், ‘ஙாசாக்’. வயதான பெண்கள், கையில் சாக்கு, ஒரு கோல். அடித்து முடித்த வைக்கோலைத் திரும்பவும் உதறுவார்கள். அவர்களைத் துரத்தக்கூடாது என்பது எழுதாத சட்டம். அவர்களுக்குப் பின்னால் வாத்துக் கூட்டம் இறங்கும். நூற்றுக்கணக்கில் ஓட்டிக்கொண்டு, அறுவடை நகர நகர மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் மேய்ப்பர்கள் அவர்கள்.

நெல்லை வீட்டுக்குக் கொண்டுவருவது குறைந்துவிட்டது. நின்ற பயிராகவே வியாபாரிக்கு விலை பேசிவிடுவதற்கு ‘தெபாசான்’ என்று பெயர். பேசுவதற்கு முன் விளைச்சல் தெரிந்திருக்க வேண்டும். 2.5 மீட்டர் சதுரமாகக் கயிறு பிடித்து, அதற்குள் இருப்பதை அறுத்து அடித்து எடை போடுங்கள். கிடைத்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஹெக்டேருக்கு 16 குவிண்டால். 4 கிலோ என்றால் 64 குவிண்டால். நல்ல செழிப்பான இடத்தில் கயிறு போட்டு மனதைத் தேற்றிக்கொள்வது எல்லோரும் செய்கிற தப்பு. வாய்க்கால் முனையில் ஒன்று, நடுவில் ஒன்று, மூலையில் ஒன்று என்று மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

எடை போட்டு விற்றால் ஈரக் கழிவு என்று ஒன்று வரும். 25 சதவீத ஈரம் என்பது அளவுகோல். 28 சதவீதம் ஈரமுள்ள 100 கிலோவை 25க்குக் கொண்டுவந்தால் 96 கிலோ. நியாயமான கழிவு 4 கிலோ. மழை பெய்துகொண்டிருக்க, சாலையோரம் மூட்டைகள் நனைந்துகொண்டிருக்க, பேரத்தில் அது 8, 10 என்று ஏறும். ஈரமானியைக் கையில் வைத்திருப்பவர் வியாபாரி. நாலு பேர் சேர்ந்து ஒரு ஈரமானி வாங்கிய ஊர்களில் பேச்சு கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 தொடக்கத்தில் அரசு ஈர நெல்லுக்குக் கிலோ 6,500 ரூப்பியா கொள்முதல் விலை வைத்தது. கழிவு பேரத்தில் அதில் எவ்வளவு கைக்கு வருகிறது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

காயவைக்கும் சிமென்ட் களம், ‘லாம்போரான்’, பெரும்பாலும் அரவை ஆலையோடு இருக்கும். ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, மணிக்கொரு முறை கிளறி, இரண்டு மூன்று நாளில் 14 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மெல்லியதாகப் பரப்பி உச்சி வெயிலில் விட்டால் சீக்கிரம் காயும், அரைக்கும்போது நொய்யாக உடையும்.

சடங்கு, மொய், வெளிநாட்டுப் பணம்

நடவுக்கு முன்னால் ‘செடெகா பூமி’, அறுவடைக்கு முன்னால் ‘மாபாக் ஸ்ரீ’. நெல்லின் தெய்வம் தேவி ஸ்ரீ. அவளை எதிர்கொண்டு அழைப்பது. ஊர் முழுக்க முஸ்லிம்கள், ஆனால் திருமகள் வயலிலேயே இருக்கிறாள். இரவெல்லாம் தோல்பாவைக் கூத்து நடக்கும். செலவு பாவுக் கணக்கில் வசூலாகும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைப் பண்பாடு என்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வயல்காரர் கண்ணுக்கு இது ஒரு நாள்குறிப்பு: செடெகா பூமி முடியாமல் யாரும் விதை தெளிக்கக்கூடாது. எலிக்கும் அந்துக்கும் எதிராக ஊரே ஒன்றாக நடுவதை எந்த அரசு சுற்றறிக்கையைவிடவும் இது நன்றாகச் செய்துவந்தது. சடங்கு தள்ளிப்போன அல்லது கைவிடப்பட்ட ஊர்களில் ஆளுக்கொரு தேதியில் நடுகிறார்கள். லெலேயா ஊரில் டிசம்பரில் ஒரு புதன்கிழமை ‘ஙாரோத்’ நடக்கும். மணமாகாத இளைஞரும் தலை நிறையப் பூச்சூடிய பெண்களும் ஊர்வலம் வருவார்கள், விதைநெல்லும் மண்வெட்டியும் இளைஞர் கையில் கொடுக்கப்படும்.

அறுவடைக்குப் பின் கல்யாணக் காலம். பக்கத்து சுபாங் ஊர்களில் விருந்துக்கு வருகிறவர்கள் அரிசி அளந்து கொடுப்பார்கள், நோட்டில் எழுதுவார்கள். நம் ஊர் மொய் நோட்டு அப்படியே. திருப்பிச் செய்யாவிட்டால் கேட்பார்கள். ஒரு வீட்டின் கடன் எவ்வளவு என்று கணக்கிட வங்கிக் கடனையும் வியாபாரி முன்பணத்தையும் மட்டும் பார்த்தால் தப்பாகிவிடும். அந்த நோட்டையும் கேட்க வேண்டும்.

ஊருக்குள் நடந்தால் ஓட்டு வீடுகளுக்கு நடுவே தூண் வைத்த மாடி வீடு ஒன்று பளிச்சென்று நிற்கும், சில சமயம் ஆளே இல்லாமல். தைவான், ஹாங்காங், சவூதி என்று வேலைக்குப் போன பெண்ணின் பணம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் மாவட்டங்களில் இந்திரமாயு முதன்மையானது. அந்தப் பணம் முதலில் வீடாகிறது, பிறகு ஒற்றிக்கு எடுத்த வயலாகிறது.

ஊரில் தங்க வருபவர், நுழைவிலேயே பலகை இருக்கும், 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். மூத்த ஆணைக் ‘காங்’ என்றும் மூத்த பெண்ணை ‘யாயு’ என்றும் அழைத்தால் போதும். பேச்சில் ‘கப்பால்’, ‘கோலாம்’, ‘பெத்தி’ என்று காதில் விழுந்தால் திகைக்க வேண்டாம், கப்பலும் குளமும் பெட்டியும்தான், பழைய கடல் வாணிகத்தின் மிச்சம். வருமானம் எவ்வளவு என்று நேராகக் கேட்டால் சிரிப்பு மட்டும் பதிலாக வரும். எத்தனை மூட்டை, மூட்டை எத்தனை கிலோ, எத்தனை பேர் அறுத்தார்கள் என்று கேட்டால் கணக்கு தானாக வரும்.

உப்பும் மழையும்

சாடோன் முடிந்ததும் கடல் பக்கத்து வீடுகளில் ஆண்கள் உப்பளத்துக்கு இறங்குவார்கள். ஜூலை முதல் மழை வரும் வரை. சின்னச் சின்னக் காற்றாலைகள் கடல்நீரை இறைக்க, பாத்தி பாத்தியாக மாற்றிக் கொண்டே வருவார்கள். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் 3 பாகையில் தொடங்கி 25 பாகைக்கு வந்ததும் உப்பு படியத் தொடங்கும். 29, 30 தாண்டினால் கசப்பு நீர் வெளியேற்றப்பட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும். தரையில் கறுப்புப் பிளாஸ்டிக் விரித்த பாத்தியில் உப்பு வெள்ளையாகவும் சீக்கிரமும் வரும். விலைதான் கையில் இல்லை, எல்லோரும் ஒரே மாதத்தில் வாருகிறார்கள்.

இதே மாவட்டத்தில் இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளர் யுனிதா வினார்தோவும் வேளாண் வானிலையாளர் கேஸ் ஸ்டிகெரும் உழவர்களோடு பல ஆண்டு வேலை செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு காலையும் தங்கள் வயலில் மழைமானியைப் பார்த்து எழுதுகிற உழவர் குழு அதில் உருவானது. மழை அளவோடு அன்று வயலில் கண்ட பூச்சி, தண்ணீரின் மட்டம், பயிரின் நிறம் எல்லாம் அந்த நோட்டில் ஏறும். 2015, 2019, 2023 போன்ற வறண்ட ஆண்டுகளில் எந்த வாரம் விதைத்தவர் தப்பினார் என்று பழைய பக்கத்தைப் புரட்டிச் சொல்ல முடிகிறது.

அக்டோபர் கடைசியில் ஒரே வீட்டில் இரண்டு விதமாக வானத்தைப் பார்ப்பார்கள். உப்பளத்தில் குவித்ததை இன்னும் கிடங்குக்கு ஏற்றாதவர் மேகம் கலையட்டும் என்பார். வயலுக்கு விதை மூட்டை வாங்கி வைத்தவர் விழட்டும் என்பார். விழுந்ததும் முதல் வேலை உப்பின் மேல் தார்ப்பாய் இழுப்பது. இரண்டாவது, சுவரில் தேதி எழுதுவது. அன்றிலிருந்து அடிக்கட்டைக்குள் புழுவுக்கும் நாள் ஓடத் தொடங்கிவிடும்.